தெள்ளுப்பூச்சிக்குள் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகம்: யாருக்கு உதவும், யாருக்குத் தேவையில்லை

பாலக்காடு டவுனில் ஒரு தனியார் கால்நடை ஆய்வகம் இருக்கிறது. பூனை, நாய், ஆடு இவற்றின் மேலிருந்து தெள்ளுப்பூச்சியைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தப் பூச்சிக்குள் மனிதருக்கும் நோய் தரக்கூடிய பாக்டீரியா ஏதாவது இருக்கிறதா என்று பி.சி.ஆர். (கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) செய்து சொல்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் எங்களைப் போல ஆடும் பூனையும் நாயும் ஒரே முற்றத்தில் வளர்க்கிற வீடுகள் ஏராளம், ஆனால் இப்படி ஒரு வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது, அதனால்தான் விவரமாக எழுதுகிறேன். குறைகளும் சொல்லப் போவதால் பெயரைப் போடவில்லை. பாலக்காட்டில் பூனை, நாய் பார்க்கும் டாக்டர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வக வேலை சுத்தமான வேலை, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அங்கே இரண்டு விதமான சோதனை இருக்கிறது. ஒன்று, கிருமியின் குடும்பப் பெயரை மட்டும் சொல்வது. இன்னொன்று, அந்தக் குடும்பத்தில் எந்தக் கிருமி என்பது வரை சொல்வது. முதலாவதை மட்டும் செய்துகொண்டு 'பாசிட்டிவ்' என்ற காகிதத்தோடு வீட்டுக்கு வந்தால் பயம்தான் மிச்சம். போவதாக இருந்தால் இரண்டாவதையும் சேர்த்துச் செய்கிற நினைப்போடு போங்கள், இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்கு நல்ல தெள்ளு மருந்து வாங்கி விலங்குகளுக்குப் போட்டுவிடுங்கள்.

நாங்கள் போன காரணம் இது. என் மகளைப் பூனைக்குட்டி கையில் பிறாண்டியது. அன்றைக்கே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, பி.எச்.சி.க்குக் கூட்டிக்கொண்டு போய் வெறிநாய்க்கடி ஊசியும் ஆரம்பித்துவிட்டோம். (இதை யாரும் தள்ளிப்போடாதீர்கள். ரத்தம் வராத கீறலுக்கே தடுப்பூசி வேண்டும், ரத்தம் வந்திருந்தால் அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் வேண்டும், பூனை பிறாண்டினாலும் இதே கணக்குதான்.) காயம் ஆறிய பிறகு காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, அதே கை அக்குளில் நெறி கட்டிக்கொண்டது, தொட்டால் கத்தினாள். குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, "வீட்டில பூனை இருக்கா, அதுக்குத் தெள்ளு இருக்கா?" என்பதுதான். மகளுக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பூனையைப் பார்க்கும் டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர்தான் இந்த ஆய்வகத்தைப் பற்றிச் சொன்னார்.

இதற்குள் வீட்டில் ஒரு போராட்டம். பூனையைச் சாக்கில் கட்டிச் சந்தைப்பக்கம் விட்டுவிட்டு வா என்று மாமியார், "அம்மிணி, புள்ளையை விடப் பூனை பெருசா?" என்று பக்கத்து வீட்டு அத்தை. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் விஷயத்தைப் படித்துப் பார்த்த பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, விரட்ட வேண்டியது பூனையை அல்ல.

பார்டொனெல்லா ஹென்செலே என்று ஒரு பாக்டீரியா, பூனைப் பிறாண்டல் நோயைத் தருவது இதுதான். பூனையின் ரத்தத்தில் வாழ்கிறது, பூனைக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை, அது பாட்டுக்குத் தின்று தூங்கி விளையாடும். தெள்ளு அந்த ரத்தத்தைக் குடிக்கிறது, கிருமி தெள்ளின் குடலில் பெருகி அதன் கழிவில் வெளியே வருகிறது, பூனை சொறியும்போது அந்தக் கழிவு நகத்துக்கடியில் ஏறிக்கொள்கிறது, அந்த நகம் நம் தோலைக் கிழிக்கும்போது உள்ளே போகிறது. 1996-ல் அமெரிக்காவில் செய்த பரிசோதனை ஒன்றில், கிருமி உள்ள பூனைகளிலிருந்து எடுத்த தெள்ளுகளைச் சுத்தமான குட்டிகள் மேல் விட்டார்கள். அந்தக் குட்டிகளுக்குக் கிருமி வந்தது. தெள்ளு இல்லாமல் பூனைகளைச் சேர்த்து வைத்தபோது ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குப் போகவில்லை. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? நடுவில் இருக்கிற ஆள் தெள்ளுதான். அதை ஒழித்தால் சங்கிலி அறுந்துவிடும், பூனை வீட்டிலேயே இருக்கலாம்.

சரி, ஆய்வகத்துக்கு வருகிறேன்.

முதலில் வெறுங்கையோடு போய் ட்யூப் வாங்கி வர வேண்டும். சின்னத் திருகு மூடி ட்யூப், உள்ளே எழுபது சதவீத எத்தனால் (ஸ்பிரிட்), வெளியே எழுத ஒரு வெள்ளைப் பட்டை. ஒவ்வொரு விலங்குக்கும் தனி ட்யூப். பூனைத் தெள்ளையும் நாய்த் தெள்ளையும் ஒன்றாகப் போட்டால் எது எதிலிருந்து வந்தது என்று பிறகு பிரிக்க முடியாது. கண்டிப்பாக ஃபார்மலினில் போடாதீர்கள் என்று அங்கே வேலை செய்யும் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஃபார்மலின் பூச்சியைக் கெடாமல் வைக்கும், ஆனால் டி.என்.ஏ.வைப் பாழாக்கிவிடும், பி.சி.ஆர். வேலை செய்யாது. மருந்து போட்டு ஊறிக் கிடக்கும் பூச்சியை விட உயிரோடு சீவி எடுத்து நேரே ஸ்பிரிட்டில் போட்டதுதான் நல்லதாம்.

தெள்ளுப் பிடிப்பது எளிதான காரியம் இல்லை. பல் நெருக்கமான தெள்ளுச் சீப்பு வேண்டும், பேன் சீப்பும் ஓரளவுக்கு உதவும். பூனையை வெள்ளைத் துண்டின் மேல் வைத்து, வால் தொடங்குகிற இடத்திலிருந்தும் கழுத்துக்குக் கீழேயும் சீவினால் சீப்புப் பல்லில் முடியோடு சேர்த்துச் சிக்கும். பழுப்பு நிறம், உடம்பு பக்கவாட்டில் நசுங்கினாற்போல ஒல்லியாக இருக்கும், முடிக்குள் வழுக்கிக்கொண்டு ஓடும். சீப்போடு அப்படியே ட்யூப் வாயில் வைத்து ஈர இயர்பட்டால் தள்ளிவிட வேண்டும், விரலால் எடுக்கப் போனால் குதித்துவிடும், நகத்தில் வைத்து நசுக்கவே கூடாது, உள்ளே இருக்கும் கிருமி நம் கையில்தான் படும். துண்டில் மிளகுத்தூள் போலக் கறுப்பாக விழுகிறதே, அதை ஈரமான டிஷ்யூ பேப்பரில் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கறை பரவினால் அது மண் இல்லை, தெள்ளின் கழிவு, செரித்த ரத்தம். எங்கள் பூனை சுந்தரியின் துண்டில் அப்படித்தான் ஊறியது. பூச்சி கண்ணில் படாத விலங்கில்கூட இந்தக் கறையை வைத்துத் தெள்ளு இருப்பதைச் சொல்லிவிடலாம். இதற்கு எந்த ஆய்வகமும் வேண்டாம், ஒரு பைசா செலவில்லை.

அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது, மாதிரி கொடுக்கும்போது மைக்ரோஸ்கோப்பில் போட்டுத் திரையில் காட்டியதுதான். "சேச்சி, நோக்கிக்கோங்க" என்று பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக அந்தப் பெண் சொல்லிக்கொண்டே காட்டினாள். தெள்ளின் கன்னத்திலும் கழுத்துக்குப் பின்னாலும் சீப்பு மாதிரி வரிசையாகக் கறுப்பு முட்கள். பூனையிலிருந்து எடுத்ததற்கு நெற்றி நீண்டு சரிந்து இருந்தது, அது டெனோசெஃபாலிடிஸ் ஃபெலிஸ், பூனைத் தெள்ளு, உலகம் முழுக்க இருப்பது, நாயையும் கடிக்கும், நம்மையும் கடிக்கும். எங்கள் நாய் மணியிலிருந்தும் ஆட்டுக் கொட்டிலிலிருந்தும் எடுத்ததற்கு நெற்றி குட்டையாக உருண்டு இருந்தது. அது டெனோசெஃபாலிடிஸ் ஓரியன்டிஸ். நம் நாட்டில் நாய், ஆடு மேல் இதுதான் நிறைய வருகிறது. இந்த வித்தியாசம் சும்மா படம் காட்டுவதற்கு இல்லை, பின்னால் ரிப்போர்ட்டைப் படிக்க இதுதான் சாவி.

அப்புறம் அவர்கள் செய்வது இது. ஒரே விலங்கின் பூச்சிகளைச் சில சில எண்ணிக்கையாகச் சேர்த்து ஒரு தொகுப்பாக்குகிறார்கள். வெளியே ஒட்டியிருப்பதைக் கழுவிவிட்டு நசுக்கி, உள்ளிருந்து டி.என்.ஏ.வைப் பிரிக்கிறார்கள். முதலில் அந்தப் பூச்சியின் சொந்த டி.என்.ஏ.வாவது வந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்க்கிறார்கள். அது வராவிட்டால் பிரிப்பதிலேயே கோளாறு, மேற்கொண்டு வரும் 'நெகட்டிவ்' எதையும் நம்ப முடியாது. அது சரியாக இருந்தால்தான் ரிக்கெட்சியாவுக்கும் (தெள்ளு, உண்ணி போன்றவை பரப்பும் இன்னொரு பாக்டீரியாக் குடும்பம்) பார்டொனெல்லாவுக்கும் தனித்தனியாக பி.சி.ஆர். சோதனை முடிவு வெளிச்சக் கோடுகளாகத் தெரியும் ஜெல் படத்தைக் கேட்டேன், தயங்காமல் காட்டினார்கள். ஓரத்தில் அளவுக்கான கோடுகள், அடுத்து கண்டிப்பாகத் தெரிய வேண்டிய பாசிட்டிவ் கன்ட்ரோல், அதற்கடுத்து வெறும் தண்ணீர் மட்டும் போட்ட தடம், பிறகு எங்கள் வீட்டு மாதிரிகள். தண்ணீர்த் தடம் இருட்டாக இருந்தது. அதில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் எங்கோ கலப்படம் ஆகியிருக்கிறது என்று அர்த்தம், மொத்தத் தட்டையும் திரும்பச் செய்ய வேண்டும். எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் இந்த இரண்டையும் கேளுங்கள்: பூச்சி டி.என்.ஏ. வந்ததா, தண்ணீர்த் தடம் காலியா. இதற்குப் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

முதல் ரிப்போர்ட்டில் சுந்தரியின் தெள்ளு பார்டொனெல்லா பாசிட்டிவ், மணியின் தெள்ளு ரிக்கெட்சியா பாசிட்டிவ், ஆட்டுத் தெள்ளு இரண்டுக்கும் நெகட்டிவ். அந்தக் காகிதம் அவ்வளவுதான் சொல்கிறது. இதை வீட்டில் வைத்துக்கொண்டு இணையத்தில் ரிக்கெட்சியா என்று தேடினால் என்னென்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். ரிக்கெட்சியா டைஃபி, அதாவது எலித் தெள்ளு பரப்பும் டைஃபஸ் காய்ச்சலின் கிருமி வரும். ரிக்கெட்சியா ஃபெலிஸ் வரும், அதை 1990-ல் பூனைத் தெள்ளில் கண்டார்கள், 1994-ல் டெக்சாஸில் ஒரு நோயாளியிடம் கண்டதாக அறிவித்தார்கள், காய்ச்சல், தலைவலி, தோலில் தடிப்பு. படித்துவிட்டு என் கணவர் மணியை வீட்டுக்கு வெளியே கட்டச் சொன்னார்.

கூடுதல் பணம் கட்டி வரிசை படிக்கக் கொடுத்தோம். பாக்டீரியாவின் ஒரு மரபணுவின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து, தெரிந்த கிருமிகளோடு ஒப்பிடுவது இது. வந்த விடை: மணியின் தெள்ளில் இருந்தது ரிக்கெட்சியா ஃபெலிஸ் இல்லை, அதன் நெருங்கிய சொந்தமான ரிக்கெட்சியா அசெம்போனென்சிஸ் வகை. அங்கிருந்த டாக்டர் இதற்கு நேரம் எடுத்து விளக்கினார். இந்திய நாய்களின் மேலிருந்த ஓரியன்டிஸ் தெள்ளுகளைப் பார்த்து 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றிலும் இதே வகைதான் வந்திருக்கிறது, அந்தத் தெள்ளோடு ஒட்டிக்கொண்டு முட்டை வழியாகத் தலைமுறை தலைமுறையாக வருகிற கிருமி இது. மனிதருக்கு நோய் தருவதாக ஃபெலிஸுக்குச் சொல்வது போல இதற்கு உறுதியாகச் சொல்லப்படவில்லை. குட்டை நெற்றித் தெள்ளு, அசெம்போனென்சிஸ், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. மணி அன்றைக்கே திண்ணைக்குத் திரும்பினான்.

சுந்தரியின் தெள்ளில் பார்டொனெல்லா ஹென்செலே என்றே வந்தது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், அந்த டாக்டரும் இதைத்தான் அழுத்திச் சொன்னார், ரிப்போர்ட் அடியிலும் அச்சடித்திருக்கிறார்கள். தெள்ளில் கிருமியின் டி.என்.ஏ. இருப்பதற்கு அர்த்தம் தெள்ளில் டி.என்.ஏ. இருக்கிறது என்பது மட்டும்தான். அந்தக் கிருமி உயிரோடு இருக்கிறதா, பூனையின் ரத்தத்தில் இருக்கிறதா, பிள்ளைக்கு வந்த காய்ச்சல் அதனால்தானா, இது எதையும் இந்தச் சோதனை சொல்லாது. தெள்ளு அப்போதுதான் குடித்த ரத்தத்தில் இருந்ததாகக்கூட இருக்கலாம். அதே மாதிரி நெகட்டிவ் வந்தால் வீடு சுத்தம் என்றும் இல்லை, நாம் பிடித்த பூச்சியில் இல்லை, பிடிபடாத பூச்சியில் இருக்கலாம். மகளின் நோயை உறுதி செய்தது அவளுடைய ரத்தப் பரிசோதனையும் அவளைத் தொட்டுப் பார்த்த டாக்டரும்தான். பூச்சி ரிப்போர்ட்டைக் காட்டியபோது குழந்தை டாக்டர் படித்துவிட்டு, சரி, பொருந்துகிறது என்றார், அவ்வளவுதான், அதை வைத்து மருந்தை மாற்றவில்லை. பூனைப் பிறாண்டல் நோய் உடம்பு நன்றாக இருக்கிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும், நெறி வற்ற வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும். இதய வால்வில் கோளாறு உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் வீட்டில் இருந்தால் அது வேறு கதை, அவர்களுக்கு இது கடுமையாகப் போகக்கூடும், அங்கே இந்தச் சோதனைக்கு நிஜமாகவே மதிப்பு இருக்கிறது.

இன்னொன்று. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மருந்துக் கடையில் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். நம் பக்கம் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலும் டெங்குவும் ஸ்க்ரப் டைஃபஸும் சேர்ந்து வருகின்றன, எல்லாவற்றுக்கும் ஆரம்பத்தில் காய்ச்சலும் தலைவலியும்தான், எது எது என்று பிரிப்பது டாக்டர் வேலை. நம் வேலை ஒன்றுதான்: தெள்ளு கடித்தது, பூனை பிறாண்டியது, எலி நடமாட்டம் இருக்கிறது என்பதை அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்வது. பூனைக்கும் அப்படித்தான், நோய் அறிகுறி எதுவும் இல்லாத பூனைக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியதில்லை என்றுதான் சுந்தரியின் டாக்டர் சொன்னார்.

குறைகள். முன்மேசையில் இருந்த பையனுக்கு உண்ணிக்கும் தெள்ளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, எங்கள் ட்யூபில் 'உண்ணி' என்று எழுதிவிட்டான். நான் பார்த்துத் திருத்தாவிட்டால் வேறு பாக்டீரியாக்களுக்கான சோதனைக்குப் போயிருக்கும், ஏனென்றால் உண்ணிக்குத் தேடும் கிருமிகளின் பட்டியலே வேறு. வாங்கும் இடத்தில் இது தெரியாமல் இருப்பது பெரிய குறை, உள்ளே எவ்வளவு நல்ல மெஷின் வைத்திருந்தாலும் சரி. அடுத்தது, விலை. ஒரு தொகுப்புக்கு இரண்டு கிருமிக்கும் சேர்த்து 1,900 ரூபாய் வாங்கினார்கள். வரிசை படிக்க ஒவ்வொன்றுக்கும் 2,200 தனி. இந்த இரண்டாவது செலவு இருக்கிறது என்பதை மாதிரி வாங்கும்போதே சொல்லவில்லை, முதல் ரிப்போர்ட் வந்து நாம் பயந்துபோன பிறகுதான் சொல்கிறார்கள். ஏமாற்றும் நோக்கம் இருப்பதாக நான் நினைக்கவில்லை, ஆனால் முதலிலேயே சொல்ல வேண்டும். வரிசை படிக்க வெளியூருக்கு அனுப்புகிறார்கள், அதனால் அந்த ரிப்போர்ட் வர ரொம்பவே தாமதம். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். கீழே மலையாளத்தில் இரண்டு வரி இருக்கிறது, தமிழில் ஒன்றும் இல்லை. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் நிறையப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், அந்த இரண்டு வரியையாவது தமிழிலும் அச்சடித்தால் எங்கள் மாமியார் போன்றவர்கள் தாங்களே படித்துக்கொள்வார்கள். இதை அங்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எலித் தெள்ளை அவர்கள் வாங்குவதில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். டைஃபஸும் பிளேக்கும் அந்த வழியாக வருபவை. கோயம்புத்தூர்ப் பக்கம் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்னும் இருக்கின்றன, எங்கள் மாமியார் வீட்டுக் குலத்தில் ஒரு கிளையே அந்த நோய்க்குப் பயந்து ஊரைக் காலி செய்துகொண்டு இந்தப் பக்கம் வந்ததாகச் சொல்வார்கள். 1894-ல் ஹாங்காங்கில் யெர்சின் என்ற டாக்டர் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தார், 1898-ல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர்தான் எலியிலிருந்து எலிக்கு அதைக் கொண்டுபோவது தெள்ளு என்று காட்டினார். எலி செத்ததும் தெள்ளு பசியோடு அடுத்த உடம்பைத் தேடும், அது நம் உடம்பாகவும் இருக்கலாம். அதனால் வீட்டிலோ களத்திலோ எலிகள் காரணம் தெரியாமல் கொத்தாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் ஆசா வர்க்கரிடமோ பி.எச்.சி.யிலோ சொல்லுங்கள், சீப்பும் ட்யூபும் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

ரிப்போர்ட்டுக்குப் பிறகு நாங்கள் செய்தது. இதற்கும் அந்த ஆய்வக டாக்டர்தான் பொறுமையாக வழி சொன்னார், கட்டணம் இல்லாமல். கண்ணில் படும் தெள்ளு மொத்தத்தில் ஐந்து சதவீதம்தான் என்று கணக்குச் சொல்கிறார்கள், மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகப் பாயிலும் சாக்கிலும் தரை வெடிப்பிலும் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு நாற்பது முட்டை வரை போடும், முட்டை பூனை மேல் ஒட்டி நிற்காது, அது நடக்கிற இடமெல்லாம் உதிரும். அதனால் ஒரு விலங்குக்கு மட்டும் மருந்து போட்டால் பயனே இல்லை, பூனை, நாய் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட்டோம், பூனை படுக்கும் துணியைக் கொதிநீரில் துவைத்தோம், கொட்டிலில் பழைய வைக்கோலையும் சாக்கையும் அள்ளி வெயிலில் கொட்டினோம். புழுவுக்கு ஈரம் வேண்டும், காய்ந்த இடத்தில் பிழைக்காது. பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் இது தானாகவே கொஞ்சம் அடங்கும், இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் திரும்பக் கிளம்பும். கூட்டுப்புழு மட்டும் பிடிவாதமானது, மாதக்கணக்கில் கூட்டுக்குள் காத்திருந்து நாம் நடக்கிற அதிர்வு கேட்டதும் வெளியே வரும். பூட்டி வைத்த வீட்டைத் திறந்ததும் காலில் மொய்ப்பது அதனால்தான். மருந்தை ஒரு தடவையோடு நிறுத்தாமல் டாக்டர் சொன்ன இடைவெளியில் தொடர்ந்து போட வேண்டும் என்பதும் அதனால்தான்.

மருந்து விஷயத்தில் தயவுசெய்து ஒன்றைக் கேளுங்கள். நாய்க்கு என்று எழுதிய பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள், மாட்டுக்கு அடிக்கும் டெல்டாமெத்ரினைப் பூனை மேல் தெளிக்காதீர்கள். பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது, நடுக்கம் வந்து, வலிப்பு வந்து செத்துப்போகும். எங்கள் தெருவில் இப்படிப் போன பூனைகள் உண்டு, வளர்த்தவர்கள் நல்லது செய்வதாக நினைத்துத்தான் தெளித்தார்கள். மண்ணெண்ணெய் தடவுவதும் அப்படித்தான், நக்கினால் விஷம். பூனைக்கென்று எடைக்கு ஏற்ப வரும் கழுத்துச் சொட்டு மருந்து இருக்கிறது, மிருகாஸ்பத்திரியில் எடை போட்டுக் கேளுங்கள். பால் கறக்கும் ஆட்டுக்கு எதைப் போடுவதாக இருந்தாலும் முதலில் அங்கே கேட்டுவிட வேண்டும், பாலை எத்தனை நாள் விலக்க வேண்டும் என்று அவர்கள்தான் சொல்ல முடியும்.

யார் போகலாம்? வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருந்து பூனையையும் விட முடியாதவர்கள் போகலாம். தெருப் பூனைகளை எடுத்து வளர்த்துத் தத்துக் கொடுக்கிறவர்கள் கட்டாயம் போகலாம், அதுவும் ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிகள் நிறைய இருந்தால், ஏனென்றால் ரத்தத்தில் பார்டொனெல்லா சுமப்பது பெரிய பூனைகளை விடக் குட்டிகளில்தான் அதிகம். காரணம் தெரியாத காய்ச்சலுக்கு டாக்டரே தெள்ளைப் பற்றி விசாரித்தால் அவரைக் கேட்டுவிட்டுப் போகலாம். ஒரு நாய் இருக்கிறது, அதற்கு நாலு தெள்ளு இருக்கிறது, வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்றால் வேண்டாம், சீப்பும் சொட்டு மருந்தும் வெயிலும் போதும். பூனை பிறாண்டிய பிள்ளைக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ள மட்டும் போகிறவர்களும் வேண்டாம், அந்தப் பணத்தைப் பிள்ளையின் ரத்தப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது முன்மேசைக்காகவும், மறைவாக வந்த இரண்டாவது பில்லுக்காகவும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் மாதிரி வாங்குவதில்லை. ட்யூப் மேல் விலங்கின் பெயர், பிடித்த தேதி, 'தெள்ளு' என்ற சொல் மூன்றையும் பென்சிலில் நீங்களே எழுதிக் கொடுங்கள். பேனா மை ஸ்பிரிட் பட்டால் அழிந்துவிடும்.